சிஞ்சு வாங்காத பார்சல்

கட்டின புருஷனைக்கூட நம்பி ஒரு ரூபாயைக் கையில் விட்டு வைக்காதவள் மதலேனம்மாள். இது பத்து வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் பத்துமுறி லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஏசுரத்தினம் சந்தையிலிருந்து வந்தால் மீதிச் சில்லறையை வாசலிலேயே எடுத்து நீட்ட வேண்டும். அப்புறம்தான் காய்கறிப் பை உள்ளே போகும். அப்படிப்பட்ட பொம்பளை, சீட்டுப் போட்டும் சங்கத்தில் கட்டியும் சேர்த்த மூன்றரை லட்சத்தைத் தூக்கி மருமகள் சிஞ்சுவின் பேங்க் கணக்கில் போட்டுவிட்டாள் என்ற செய்தி போன வாரம் லயத்தையே வாயடைக்க வைத்தது. அந்த லயத்தின் வாய் அடைத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அதுவே ஒரு செய்தி.

காரணம் இல்லாமல் இல்லை. ஏசுரத்தினம் இந்த மாதக் கடைசியில் எஸ்டேட் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிறார். ஆள் ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். மகன் ஜோஜோ சொந்த ஜீப்பை வாடகைக்கு ஓட்டுகிறவன். சிஞ்சு வெளித்தோட்டங்களில் தினக்கூலிக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். எஸ்டேட் ரோலில் இருவர் பெயரும் கிடையாது. சக்குபள்ளத்துக்குக் கீழே ஜோமோள் சேச்சியின் அஞ்சு சென்ட் இடத்தைப் பேசி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அட்வான்ஸ். அந்தப் பணத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால், அடுத்த மாதம் இந்தக் குடும்பம் பாயும் தலையணையுமாக ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

அதை ஏன் மருமகளிடம் கொடுத்தாள்? அதற்கு ஒரு குக்கர் காரணம்.

சிஞ்சு ஏலப்பாறைக்காரி. தேயிலைக்காட்டிலிருந்து ஏலக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் போனில் ஒரு குக்கரைப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கூடையில் போட்டு வைத்துவிட்டு மழைக்காலம் முடிகிறவரை வாங்கவே இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்ந்தவர்களை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டினவர்களைத்தான் தேடித் தேடிப் படிப்பாள். இந்த விலை இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று போன் கிடந்து துடித்தால், அதைத் தலையணைக்கடியில் செருகிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கடைசியில் குக்கர் பாதி விலைக்கு வந்து இறங்கியது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவது போல லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஒத்தக் குக்கருக்குச் சம்பந்தம் பேசுற மாதிரில்லா பேசிட்டிருந்தா" என்று மதலேனம்மாள் வெளியே கேலி பேசினாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு பிரமிப்பு விழுந்துவிட்டது. தன் ஆயுசில் தன்னைவிடக் கெட்டிக்காரியான ஒரு கஞ்சப்பிசினாரியை அவள் பார்த்ததில்லை.

அந்தப் பிரமிப்பைத்தான் வியாழக்கிழமை காலையில் முத்துப்பேச்சி வந்து உடைத்தாள்.

முத்துப்பேச்சி பக்கத்து முறிக்காரி. கையில் சிமெண்டு நிறத்தில் ஒரு பொட்டலம்.

"மயினி, ஒம் மருமவளுக்குப் பார்சல் வந்திருக்கு. ஷிஜு கடையில கெடந்துச்சு. காசு குடுத்து எடுக்கணும்னான். ஆயிரத்து ஐந்நூத்துக்கு ஒரு ரூவா கொறைச்சல். நான் குடுத்துட்டேன்."

இது இந்தப் பக்கத்து வழக்கம். பார்சல் வண்டி லயத்துக்கு ஏறாது. வளைவில் இருக்கும் ஷிஜுவின் பேக்கரியில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடும். ஆள் காட்டில் வேலைக்குப் போயிருந்தால், அந்த வழியாக வருகிற யாராவது காசைக் கொடுத்து எடுத்து வந்துவிடுவார்கள். சாயங்காலம் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள். 'நீ வாங்கினியா' என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்டால் கொடுக்க மனசில்லை என்று அர்த்தமாகிவிடும்.

"சிஞ்சுவுக்கா? அவ ஒண்ணும் சொல்லலையே."

"எல்லாத்தையும் மாமியார்ட்ட சொல்லிட்டா செய்வாக? கையில லட்சம் வந்து விழுந்தா கை கொஞ்சம் நீளத்தான் செய்யும். நான் தப்பாச் சொல்லல மயினி."

தப்பாகச் சொல்லவில்லை என்று முத்துப்பேச்சி சொன்னால் தப்பாகத்தான் சொல்கிறாள். அது மதலேனம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"பிரிச்சுப் பாப்பமா?" என்றாள்.

"அடுத்தவுக பார்சல நாம பிரிக்கலாமா? நீ வேணும்னா பிரி. நான் இப்பிடித் தள்ளி நின்னுக்கிடுதேன்" என்ற முத்துப்பேச்சி ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

அரிவாள்மணையில் வைத்து ஒரு கீறல். உள்ளே பழைய இந்திப் பேப்பர் கசங்கிக் கிடந்தது. அதற்குள்ளே பச்சையில் இரண்டு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அவ்வளவுதான். பேப்பரை உதறிப் பார்த்தார்கள், பேப்பர்தான் வந்தது.

"ஆயிரத்தஞ்ஞூறு ரூவாய்க்குச் சோப்பு டப்பாவா" என்றாள் முத்துப்பேச்சி. "தங்கத்துல சோப்பு செஞ்சு குளிக்கப் போறா போல."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் போன திசையில் இன்னும் எட்டு வீடு இருக்கிறது. எட்டாவது வீட்டுக்குப் போய்ச் சேருகையில் சோப்பு டப்பா வெள்ளி டப்பாவாகியிருக்கும் என்பது மதலேனம்மாளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ முறை அந்த வேலையைச் செய்தவள்.

ஏசுரத்தினம் எஸ்டேட் டிவிஷனுக்கு வேலைக்குப் போய்விட்டார். ஜோஜோ கம்பத்துக்குச் சவாரி. சிஞ்சு மலைக்கு மேலே காட்டில். பொட்டலத்தின் மேல் சிஞ்சுவின் பெயரும் போன் நம்பரும் சரியாக இருந்தன. அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: பொருள் பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும், இந்த நம்பரில் கூப்பிடவும்.

சிஞ்சு வருவதற்குள் பணத்தைத் திரும்ப வாங்கி முத்துப்பேச்சியின் உள்ளங்கையில் வைத்துவிட்டால், லயத்தின் வாயையும் மூடிவிடலாம். மருமகளிடம் எதையும் கேட்க வேண்டிய சங்கடமும் இல்லை. மதலேனம்மாள் தன் பட்டன் போனை எடுத்தாள். மறுபக்கம் எடுத்ததும் வழக்கம்போலச் சொன்னாள்:

"ஸ்தோத்திரம். யாரு பேசுறது?"

"ஸ்தோத்திரம்மா" என்றது ஒரு குரல். "சொல்லுங்கம்மா, என்ன உதவி வேணும்?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் பாதி உருகிவிட்டாள். முகம் தெரியாத ஊரில் ஒரு விசுவாசிப் பிள்ளை உட்கார்ந்து உதவி செய்கிறதே என்று அதன் தாயைக்கூட மனசுக்குள் வாழ்த்திவிட்டாள். முழுப் பணமும் வந்துவிடும், ஆனால் பெரிய போன் வேண்டும் என்றான். பொட்டலத்தின் மேல் பெயரோடு இருக்கும் நம்பருக்கு நானே கூப்பிடுகிறேன் என்றான்.

சிஞ்சுவின் பெரிய போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. ஏலக்காட்டுக்குள் ரேஞ்சு கிடையாது, சேற்றில் விழுந்தால் போனும் கிடையாது என்று அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். திறக்கிற கோடு வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவன் சொல்லச் சொல்ல மதலேனம்மாள் தொட்டாள். எதையோ இறக்கச் சொன்னான்; இறக்கினாள். "இப்ப உங்க போன்ல இருக்கறது எனக்கும் தெரியும்மா, பயப்படாதீங்க" என்றான். தெரிந்ததில் பயப்பட என்ன இருக்கிறது, அவனுக்கும் பார்வை உண்டே என்று நினைத்துக்கொண்டாள்.

"கணக்கு உங்களோடதுதானான்னு ஒரு தடவ சரி பாக்கணும்மா. பேலன்ஸ்னு இருக்கு பாருங்க, அதத் தொட்டு ரகசிய நம்பர் போடுங்க."

ரகசிய நம்பர் அவளுக்குத் தெரியக்கூடாதுதான். ஆனால் ஷிஜு கடையில் மருமகளின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் போனது. லயத்தில் எல்லாருடைய எஸ்டேட் செக்ரோல் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்கிறவளுக்கு ஒரு முறை பார்த்த நம்பர் போய்விடுமா. போட்டாள்.

திரையில் ஒரு வட்டம் சுழன்றது. நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

மதலேனம்மாள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் கருவாட்டுக்குக்கூடக் காணாத காசு நின்றது.

மறுபக்கத்தில் அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவுதானா?" என்றான்.

குரலில் இருந்த 'அம்மா' எங்கோ இறங்கிப் போய்விட்டது.

"வேற பேங்க் இருக்கா?"

"எதுக்குப்பா?"

"எதுக்கா. ஒரு மணி நேரமாத் தொண்டத் தண்ணி வத்தப் பேசறேன், வெறும் இருநூறு ரூவா வச்சிக்கிட்டு போன் எடுக்க வந்துட்டீங்க. வீட்டுல வேற யாரு இருக்கா, குடு போன."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சூடான அடுப்பைத் தொட்டதுபோல அணைத்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தாள். அது மறுபடி அடித்தது. தலையணையைப் போட்டு அமுக்கினாள். அதற்குள்ளிருந்தும் அடித்தது.

திருடன் வந்து கதவைத் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே ஒன்றுமில்லை என்று வீட்டுக்காரியைத் திட்டிவிட்டுப் போகிறான். சந்தோஷப்படுவதா? பணம் அவனுக்குக் கிடைக்கவில்லைதான். ஆனால் அவனுக்கு முன்னாலேயே பணம் எங்கே போனது?

ஏலப்பாறைக்குப் போயிருக்குமோ? அங்கே சிஞ்சுவின் அப்பன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கிறிஸ்மசில் பேச்சு வந்தது. ஒழுகுகிற கூரைக்கு மூன்றரை லட்சம் வேண்டுமா? தம்பி ஒருத்தன் நர்சிங் படிக்க மங்களூருக்குப் போகிறான் என்றும் சொன்னாளே.

மத்தியானச் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்தாள். கேட்டால், எப்படித் தெரியும் என்று மருமகள் கேட்பாள். எட்டிப் பார்த்தது, போனைத் திறந்தது, எவனுக்கோ காட்டியது எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கேட்காவிட்டால் சனிக்கிழமை ஜோமோள் சேச்சியின் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். ஆயுசில் முதல்முறையாக மதலேனம்மாளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தும் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த வேதனையே தனி.

சாயங்காலம் சிஞ்சு வந்தாள். காலுறைக்குள் ரத்தம் குடித்த அட்டை, தலைத்துண்டில் ஏலக்காய் வாசம். மதலேனம்மாள் கேட்காமலேயே கட்டன் சாயா போட ஆரம்பித்தாள். மருமகளுக்கு அது போதும், ஏதோ நடந்திருக்கிறது.

"என்னத்தே?"

"ஒண்ணுமில்ல. பார்சல் வந்துச்சு."

சிஞ்சு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோப்பு டப்பாவைத் தொடவில்லை. "நான் ஒண்ணும் ஆர்டர் பண்ணலையே" என்று போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். புதிதாக ஒன்று இறங்கியிருப்பதைக் கண்ணில் பார்த்துவிட்டாள்.

மதலேனம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எட்டிப் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

சிஞ்சு கத்தவில்லை. முதல் வேலையாகப் போனில் நெட்டை அணைத்தாள். இறங்கியிருந்ததை நீக்கினாள். பட்டன் போனை வாங்கி பேங்குக்குக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொன்னாள். அடுத்து சைபர் போலீஸ் நம்பர். மலையாளத்தில் நிதானமாக, பொட்டலத்தில் இருந்த நம்பரை இரண்டு முறை வாசித்துக் கொடுத்தாள். பொட்டலத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். சாயா ஆறிப் போனது. நெருப்புப் பிடித்த வீட்டில் ஒருத்தி தாளம் தப்பாமல் தண்ணீர் சுமக்கிற மாதிரி இருந்தது. மதலேனம்மாள் கிட்டியால் பிடித்து இறக்கிய பாத்திரத்தோடு நின்றவள், அதைக் கீழே வைக்க மறந்தே போனாள்.

எல்லாம் முடித்துவிட்டுச் சிஞ்சு கேட்டாள். "அவன் நல்ல மரியாதையாப் பேசினானோ?"

"ஸ்தோத்திரம் சொன்னாம்ட்டி."

"நீங்க சொன்னீங்க, அவன் திருப்பிச் சொன்னான். நீங்க வணக்கம்னா அவனும் வணக்கம்பான்."

மதலேனம்மாள் கிட்டியும் பாத்திரமுமாகக் கீழே வைத்தாள். இனி அடக்க முடியாது. "ஏட்டி, அந்தப் பணம் எங்க?"

சிஞ்சு எழுந்து தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பாஸ்புக்கை எடுத்து வந்தாள். டவுனில் வேறொரு பேங்க். சின்னது; போனில் பார்க்கவே முடியாத பேங்க். மூன்றரை லட்சமும் அங்கே உட்கார்ந்திருந்தது. இரண்டு பேர் பெயரில். இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு ரூபாய் வெளியே வரும். முதல் பெயர் மதலேனம்மாள், இரண்டாவது சிஞ்சு.

"நான் எப்பட்டி கையெழுத்துப் போட்டேன்?"

"போன வாரம். பேங்க் ஆளு இங்க வந்தாருல்ல. வாசிச்சுப் பாத்துப் போடுங்கத்தேன்னேன். நீங்க அந்தப் பக்கம் முத்துப்பேச்சி அத்தைகிட்ட பேசிக்கிட்டே போட்டீங்க."

"எங்கிட்ட விவரமாச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா பத்து வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கும். இப்பப் பாருங்க, திருடனுக்கே தெரியல."

மதலேனம்மாளுக்குச் சுருக்கென்றது. கோபப்படலாமா என்று யோசித்தாள். நியாயம் எதுவும் அகப்படவில்லை. போனில் கடைக்காசு மட்டும் வைத்துவிட்டு, வாழ்க்கைக் காசைப் போன் போகாத இடத்தில் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறாள் இந்தச் சின்னப் பெண். அதுவும் மாமியாருடைய வாய்க்கும் கைக்கும் எட்டாத இடத்தில். குக்கரைத் தொட்டுப் பார்த்த பெண்களைப் போல, மருமகளின் தலைத்துண்டிலிருந்து ஒரு இலைத் துணுக்கை மெதுவாக எடுத்துப் போட்டாள். வேறு எப்படித் தொடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

முத்துப்பேச்சியின் பணத்தைச் சிஞ்சுவே தன் கூலியிலிருந்து கொடுத்தாள். கூடவே ஒரு வார்த்தை சொன்னாள்: "இனி யாரு பேருக்கு வந்தாலும், அவுக சொல்லி அனுப்பாம காசு குடுக்காதீங்கத்தே."

"இதென்னட்டி, ஆளுக்கு ஆள் ஒரு ஒத்தாச செய்யக் கூடாதா?" முத்துப்பேச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காக மடியை அவிழ்க்கத் தயங்காதவள். அந்த நல்ல மனசைக் கணக்குப் போட்டுத்தான் எவனோ சோப்பு டப்பா அனுப்பியிருக்கிறான் என்று சொன்னால் அவளுக்கு விளங்காது. விளங்கினாலும் வலிக்கும். சிஞ்சு அதைச் சொல்லவில்லை. பணத்தை அவள் மடியில் வைத்து, கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள்.

விளக்குப் போடுகிற நேரம் மதலேனம்மாளின் பட்டன் போன் அடித்தது. அவள் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். திரையில் பெயரைப் பார்த்துவிட்டுச் சிஞ்சு சொன்னாள்: "ஜோமோள் சேச்சித்தான் அத்தே. நம்மாளுதான். பேசுங்க."

மதலேனம்மாள் இந்தத் தடவை ஸ்தோத்திரம் சொல்லவில்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டாள். குரலை உறுதி செய்துகொண்டு, தெம்பாக ஆரம்பித்தாள். "பணம் பத்திரமா இருக்கு சேச்சி. சனிக்கிழம பேங்க்ல வச்சே தர்றோம். அதுக்கு முன்னால எடத்துப் பட்டயமும் ஆதாரப் பத்திரமும் எம் மருமவ ஒருக்காப் பாக்கணும்."

"ஆயிக்கோட்டே. பாக்கட்டும்" என்றாள் ஜோமோள் சேச்சி. "நான் அதுக்கு விளிக்கல. ஜோஜோ நேத்து அம்பதாயிரம் அட்வான்சா எனக்கு அனுப்பிட்டேன்னு என் மோன்கிட்ட சொன்னானாம். எனக்கு ஒண்ணும் வரல. ஏதோ மெசேஜ்ல என் கணக்கு நம்பர் வந்துச்சுன்னு சொல்றான். நான் ஆருக்கும் மெசேஜும் அனுப்பல, நம்பரும் குடுக்கல."

போன் காதிலேயே இருந்தது. சிஞ்சுவுக்கும் கேட்டுவிட்டது. அம்பதாயிரம். ஜோஜோவிடம் சொந்தமாக அம்பது ரூபாய் நிற்காது. ஜீப்பின் ஆர்.சி. புக்கை அடகு வைத்து எங்கோ கடன் வாங்கியிருக்க வேண்டும். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் தெரியாமல், இடத்தைத் தானே முடித்துக் காட்ட வேண்டும் என்று.

அதுவரை நிதானம் தப்பாத சிஞ்சு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கீழே வளைவில் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது. ஜோஜோ ஏதோ பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே வந்தான்; நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்டு, சொல்லுவதற்கு நேரம் பார்த்திருக்கிறவனின் பாட்டு.

வாசலில் முத்துப்பேச்சியின் தலை தெரிந்தது. "என்ன மயினி, சேச்சி என்ன சொல்றா? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

மதலேனம்மாளின் வாய் திறந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், தானாகவே திறக்கும். தரையில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல பேச்சி. சாயா ஆறிப்போச்சு, சுட வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, அந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து ராத்திரிப் படுக்கும்வரை சாத்தாத கதவை, அவள் பொறுமையாகச் சாத்தித் தாழ் போட்டாள்.